மேசைக்கடியில் ஒரு தலைவர்

நான்கு மணிக்கு மேலதிகாரி அம்மா வருவதாக இருந்தது. அதற்குள் இரண்டாம் மாடிக் கணினிகள் ஒழுங்காக ஓடாவிட்டால், நூலகத்தின் நெட்வொர்க்கை வெளியாட்களிடம் ஒப்படைத்துவிட்டு என்னைத் தொலைவிலுள்ள கிளைக்கு மாற்றிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு இங்கேயே இரண்டாம் மாடி வாசகசாலையில் வேலை. ஒன்றாக வந்து ஒன்றாகப் போய்ப் பழகிவிட்டோம். எனக்கு அழுகையே வந்தது.

மூன்று நாளாகக் கீழ்த்தளமும் முதல் மாடியும் ஜோராக ஓட, இரண்டாம் மாடி மட்டும் ஊர்ந்தது. கேபிளை மாற்றினேன். கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியை விற்றவனைப் போனில் கிழிகிழியென்று கிழித்தேன், பாவம். மணி இரண்டரை ஆனபோதுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கீழ்த்தள மெயின் சுவிட்சில் கேபிள் சொருகும் எந்தப் போர்ட் என்ன வேலை பார்க்கிறது என்று திரையில் பார்த்தேன்.

சுவிட்சுகளுக்குள் பாதை வட்டமாகிவிட்டால், செய்தி சுற்றிச் சுற்றி வந்தே எல்லாவற்றையும் முடக்கிவிடும். அதனால் அவை தங்களுக்குள் ஒன்றைத் தலைவராக்கிக்கொள்ளும். தலைவரிடம் போகும் வழிக்கு ரூட் போர்ட் என்று பெயர், சுவிட்சுக்கு ஒன்றுதான். அடுத்தவருக்கு வழிவிடுவது டெசிக்னேட்டட் போர்ட். ஆல்டர்னேட் போர்ட் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும், ரூட் போர்ட் படுத்தால் உடனே எழுந்து அந்த வேலையைப் பார்க்கும். தலைவருக்கு மட்டும் ரூட் போர்ட் கிடையாது. தன்னைத் தேடித் தானே போவானேன்?

தலைவர் என்று நான் நம்பியிருந்த மெயின் சுவிட்சில் ரூட் போர்ட் இருந்தது. அப்படியானால் தலைவர் வேறு யாரோ. இரண்டாம் மாடிக்குப் போகும் போர்ட்டோ ஆல்டர்னேட்டாக மூடிக் கிடந்தது.

ரூட் போர்ட்டின் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். அது முதல் மாடி சுவிட்சில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்த ரூட் போர்ட் சுவர் வழியாக இரண்டாம் மாடிக்கு ஏறி, என் வீட்டுக்காரரின் மேசையில் முடிந்தது. குனிந்து பார்த்தேன். ஸ்டோர் ரூமில் நான் கழித்துக்கட்டிய பழைய சுவிட்ச், தூசி துடைத்துப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"என்னங்க இது?"

"பிரிண்டருக்கு பாயிண்ட் பத்தல. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே போட்டுட்டேன்."

"ரெண்டு கேபிள் எதுக்கு?"

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கணும்னு நீதானே சொல்லுவ. அதான் இந்த மாடி பாயிண்ட்ல ஒண்ணு, முதல் மாடி பாயிண்ட்ல ஒண்ணு சொருகினேன்."

"மூணு நாளா மண்டைய உடைச்சுக்கறேன், பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே..."

"நீ என்கிட்ட கேக்கவே இல்லையே."

திட்டிக்கொண்டிருந்த பாதியிலேயே எனக்கு உறைத்தது. யார் தலைவர் என்று நான் எதிலும் எழுதிவைக்கவில்லை. எழுதாவிட்டால் பெட்டிகளின் அடையாள எண்ணில் எது சிறியதோ அது தலைவராகும், பெரும்பாலும் அது பழசாகத்தான் இருக்கும். இரண்டாம் மாடி முழுவதும் அந்தக் கிழட்டுப் பெட்டி வழியாக நசுங்கிப் போய்க்கொண்டிருந்தது. கீழே ஓடி ஒரே ஒரு வரி தட்டினேன். மெயின் சுவிட்ச் தலைவரானது, இரண்டாம் மாடி எழுந்து ஓடியது. ஆறு மாதத்துக்கு முன்பு மெயின் சுவிட்சை மாட்டிய அன்றே தட்டியிருக்க வேண்டிய வரி.

நான்கு மணிக்கு அம்மா வந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

"இப்ப நல்லாத்தான் இருக்கு. மூணு நாளா யார் தப்பு?"

கேபிள் மேல் பழியைப் போட்டிருக்கலாம். "என்னுது" என்றேன். அதே நொடியில் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் "என்னுது" என்றார். இருவரும் காரணத்தையும் சேர்ந்தே சொல்லத் தொடங்கினோம்.

"ரெண்டு பேரும் சேந்து பேசினா எனக்கு ஒண்ணும் விளங்கல. ஒருத்தர் பேசுங்க, ஒருத்தர் சும்மா இருங்க."

என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். நான் எழுதாமல் விட்ட வரியைச் சொன்னேன், பழைய பெட்டியைச் சொன்னேன். "மாத்தறதுன்னா..." என்று ஆரம்பித்தேன். மேலே ஒரு வார்த்தை வரவில்லை.

நான் விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்ந்தார். "கேக்காம பெட்டிய வெச்சது நான் மேடம். தேடிக் கண்டுபிடிச்சது இவ. வெளியாள் வந்தா என் மேசைக்கடியில குனிஞ்சு பாப்பாங்களா?"

அம்மா சிரித்துவிட்டார். "சரி, மாத்தல் இல்ல. அந்தப் பெட்டிய என்ன பண்றது?"

"எடுத்துடறேன் மேடம்" என்றார் அவர்.

"இருக்கட்டும் மேடம்" என்றேன். "ரெண்டு கேபிளும் இருக்கட்டும், ஒண்ணு போனா இன்னொண்ணு."