இருபத்தெட்டு வெள்ளிக் கட்டணம்

பக்கிரிசாமி நல்லம்மாளுக்குக் கொடுக்கவேண்டியது மூவாயிரத்து அறுநூற்று இருபத்தெட்டு வெள்ளி ஐம்பது காசு. சீட்டு எதுவும் கிடையாது. அவள் புருஷன் பழனியப்பனைக் குழியில் இறக்கிவிட்டு வந்த அன்று, நாலு பேர் நடுவில் அவர் வாயால் சொன்ன தொகை. அதனால் குறையக் கூடாத தொகை.

பக்கிரிசாமியும் பழனியப்பனும் மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவர்கள். பெரும்பாலும் ரப்பர் கையுறைப் பெட்டிகள். ஒரு நாள் பழனியப்பன்தான் ஆரம்பித்தான். இவ்வளவு பெட்டி போகுதே, இந்தக் கையுறைக் கம்பெனி பங்கை வாங்கிப் போட்டால் என்ன என்று. தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு தடவையும் ஆளுக்கு எட்டு வெள்ளி தரகுக் கட்டணம். ஒரே கணக்கில் வாங்கினால் ஒரே எட்டு. பக்கிரிசாமியிடம் ஏற்கெனவே பங்குக் கணக்கு இருந்தது. மூன்று வருடம், சம்பளம் வாங்கிய மறுநாள் ஆளுக்கு நூறு வெள்ளி. பக்கிரிசாமி வரவு எழுதிய நோட்டில் இரண்டு பெயரும் இருந்தன. கணக்கில் ஒரு பெயர்தான்.

பழனியப்பனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நல்லம்மாள் தாலிக்கொடியை அடகு வைத்திருந்தாள். மகள் ஷாமினிக்கு என்று நினைத்திருந்த கொடி. ஒரு தவணை நீட்டியாயிற்று, இனி நீட்ட மாட்டார்கள். செப்டம்பர் ஒன்றாம் தேதி ஏலம். அதற்கு முன்னால் பணம் வந்தால் போதும் என்றாள். அப்போது ஜூலை பிறந்திருந்தது. இரண்டு மாதம் இருக்கிறதே, நல்ல விலை பார்த்து விற்றுத் தருகிறேன் என்றார் பக்கிரிசாமி.

அந்த வாரமே தரகுக் கம்பெனியிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் எட்டு வெள்ளியிலிருந்து இருபத்தெட்டாக ஏறுகிறது. அவர் எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார். இனி தனியாளாக மாதம் நூறு வெள்ளிக்குத்தான் வாங்கப்போகிறார். நூறில் இருபத்தெட்டு போனால் எதற்கு வாங்குவது? வேறு கணக்குக்கு மாறத்தான் வேண்டும். மாறுவதென்றால், விற்பதையும் அங்கே போய் விற்றால் இருபது வெள்ளி மிச்சம். இருபது வெள்ளி என்பது இரண்டு மணி நேர ஓவர்டைம்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனார். அங்கே கைப்பேசி பழுது பார்க்கும் லோகன், பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு ஆன்லைன் படிவங்களை நிரப்பித் தருவான். அவன் இரண்டு கம்பெனிகளைக் காட்டினான். ஒன்றில் கட்டணமே இல்லை.

"ஆனா பங்கு உங்க பேருல இருக்காதுண்ணே. கம்பெனி பேருல வச்சிருப்பாங்க."

"என் பொருளு என் பேருல இல்லாம?"

"எல்லாரும் அப்படித்தான்லா வச்சிருக்காங்க."

"வேணாம்பா. பேரு இருக்கணும்."

சொன்ன பிறகு பழனியப்பன் ஞாபகம் வந்தது. மூன்று வருடம் அவன் ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லை. பக்கிரிசாமி எட்டு வெள்ளிக் கம்பெனியைக் காட்டி, இதைப் போடு என்றார். பங்குகளை மாற்றும் படிவத்துக்குத் தனியாகப் பத்து வெள்ளி.

பன்னிரண்டு நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். பழைய கணக்கைத் திறந்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. தொழிற்சங்கத்து வகுப்பில் அப்போதுதான் எழுதப் பழகியிருந்தார். அந்தக் கையெழுத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். பத்து வருடத்தில் கை ஓடிவிட்டது. இப்போது ஒரே இழுப்பு. பழைய கையெழுத்தின் நகலை லோகன் எடுத்துக் கொடுத்தான். அதைப் பார்த்து, மதிய இடைவேளையில் கிழிந்த பெட்டி மூடிகளில், எழுத்துத் தெரியாதவனைப்போல எழுதிப் பழகினார்.

அந்த மூடிகள் அவருக்கு வேறொன்றும் சொல்லின. கிடங்குக்கு நாளுக்கு நாலு கண்டெய்னர் கையுறை வரும். அது இரண்டாயிற்று. பிறகு ஒன்று. ஒரு புதன்கிழமை ஒன்றுமே வரவில்லை. பங்கு விலை இறங்கப்போகிறது என்று பத்திரிகையில் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியை எண்ணித்தானே பங்கே வாங்கினார்கள். அன்றைக்கும் பங்குகள் பழைய கணக்கில்தான் இருந்தன. கைப்பேசியை எடுத்தார். விலை எழுபத்தொரு காசு. 'விற்க' என்ற இடத்துக்குக் கீழே கட்டணம் இருபத்தெட்டு வெள்ளி என்று காட்டியது. கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டாவது படிவத்தை அனுப்பினார்.

பங்குகள் புதுக் கணக்குக்கு வந்து சேர்ந்தது ஆகஸ்டு இருபத்தேழு, வியாழக்கிழமை. எண்ணாயிரத்து இருநூறு பங்கு. பழனியப்பன் செத்த அன்று ஒரு பங்கு எண்பத்தெட்டரைக் காசு; அந்த விலையில் பாதியைத்தான் நாலு பேர் நடுவில் சொல்லியிருந்தார். இப்போது நாற்பத்தைந்து. எல்லாவற்றையும் விற்றார். கட்டணம் எட்டு வெள்ளிதான். அதுவும் வரியும் போக மூவாயிரத்து அறுநூற்று எழுபத்தாறு வெள்ளி தொண்ணூறு காசு.

லோகன் போனில் சொன்னான். "நஷ்டம் ரெண்டு பேருக்கும்தாண்ணே. பாதியக் குடுங்க. அந்தக்காவுக்கு என்னா தெரியும்?"

"எனக்குத் தெரியுமில்ல," என்றார் பக்கிரிசாமி.

விற்ற பணம் கைக்கு வர இரண்டு வேலை நாள். நடுவில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை சுதந்திர நாள் விடுமுறை. செவ்வாய் சாயங்காலம் பணம் கணக்குக்கு வந்தது, புதன் காலையில் பேங்குக்கு. லீவு போட்டுவிட்டு நேராக நல்லம்மாளின் அடுக்கு வீட்டுக்குப் போனார். லிப்ட் ஓடவில்லை. ஏழு மாடி ஏறினார்.

அவள் நின்றபடியே எண்ணினாள். ஐம்பது காசையும் எண்ணினாள்.

"சரியா இருக்குண்ணே. நேத்து ஏலம் முடிஞ்சிருச்சு."

பக்கிரிசாமி வாசலிலேயே நின்றார்.

"ஏண்ணே இவ்வளவு நாளு?"

"கட்டணத்த ஏத்திட்டாம்மா. கொறஞ்ச எடத்துக்கு மாத்துனேன்."

"எவ்வளவு மிச்சமாச்சு?"

மிச்சம் இருபது. படிவத்துக்குப் பத்து, லோகனுக்குப் பத்து. மனசுக்குள் கழித்துப் பார்த்தார். மிஞ்சியது ஒன்றுமில்லை. தன் பங்குக்கு நின்றது நாற்பத்தெட்டு வெள்ளி நாற்பது காசு.

நோட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் பேனாவை வாங்கினாள். எதுவும் எழுதவில்லை. மூவாயிரத்து அறுநூற்று இருபத்தெட்டு ஐம்பது என்ற எண்ணின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அதன் பக்கத்தில் இருந்த பழனியப்பன் என்ற பெயர்மீதும் அந்தக் கோடு ஏறியது. நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, கிரில் கதவைச் சாத்தினாள்.