கராண்ட் பார்க்கப் போனவள்

வெர்னா துப்பாக்கியை மேசையில் சாய்த்து, அதன் பக்கவாட்டுக் கம்பியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, குழலில் பொறித்திருந்த மாதத்தையும் வருஷத்தையும் கைவிளக்கு வெளிச்சத்தில் படித்தாள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சுமந்த கராண்ட் ரகம். கம்பியை விட்டதும் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். இந்த மிசூரி மலைச்சரிவில் சிக்னல் கிடைப்பதில்லை.

"காபி ஆறுது வெர்னா. மெதுவா பாருங்க," என்றார் ஹோபர்ட். துப்பாக்கி அவருடையது.

மெதுவாகப் பார்க்கிற நாளா இது? காலையில் வந்த நர்ஸ், "இன்னிக்கோ நாளைக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மூன்று வாரமாகக் கணவரின் கட்டிலருகே இருந்து நகராதவளை, அந்த ராய்ஸ்தான் விரட்டியடித்தார்.

"ஹோபர்ட்கிட்ட இருக்கிற கராண்டைப் போய்ப் பாரு. எனக்கு வேணும்."

"உனக்கென்ன கிறுக்கா ராய்ஸ்? இப்பவா?"

"இப்பத்தான். என் கண்ணு அவிஞ்சு போச்சு. ஒவ்வொரு பார்ட்டா பாரு. ஏமாந்துட்டு வந்தே, ஆவியா வந்து உன் காலை இழுப்பேன்."

மகன் கிளே, "நான் இருக்கேன்ம்மா, போயிட்டு வா," என்று வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தான். சாகப்போகிறவர் ஆசைப்பட்டுக் கேட்டதை எப்படித் தட்டுவது? துப்பாக்கிச் சந்தைகளில் ராய்ஸ் வாயால் பேரம் பேசுவார், வெர்னா கண்ணால் பேசுவாள். அவள் லேசாக இருமினால் போதும், கையில் எடுத்ததை அவர் கீழே வைத்துவிடுவார்.

இப்போது அவள் குழலின் முனையைத் துணியால் துடைத்தாள். துணி கறுப்பாக வந்தது. அதனடியில் எறும்புபோலப் பொடி எழுத்துகள். துப்பாக்கியின் மரக்கட்டையை விளக்கருகே திருப்பினாள். ராணுவ முத்திரையின் விளிம்பு விரலைக் கீறுகிற மாதிரி கூர்மையாக இருந்தது. மரமோ அங்கங்கே தேய்ந்து பள்ளமாகியிருந்தது.

"இது வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்த துப்பாக்கி ஹோபர்ட். இறக்குமதி பண்ணவன் குழல்ல பேரைக் குத்தியிருக்கான். கட்டையை யாரோ இழைச்சிட்டு, முத்திரையைப் பிறகு அடிச்சிருக்காங்க. சுடறதுக்கு ஆகும். பழைய துப்பாக்கி சேர்த்து வைக்கிறவன் யாரும் நீங்க கேக்குற விலைக்கு வாங்க மாட்டான்."

ஹோபர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அதைத்தான் போன ஞாயித்துக்கிழமையே ராய்ஸ்கிட்ட சொல்லிட்டேனே. நான் வாங்கி ஏமாந்த கதை மொத்தமும் அவருக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் என்னை அனுப்பினாரு?"

"நேத்து நான் டவுனுக்குப் போயிருந்தப்ப போன்ல கூப்பிட்டாரு. 'வெர்னா வருவா. நீ வாயைத் திறக்காதே, அவளே கண்டுபிடிக்கட்டும். அவசரப்படுத்தாதே'ன்னாரு. உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதோ பந்தயம்போலன்னு நினைச்சேன்." அவர் குரல் தாழ்ந்தது. "மூச்சு வாங்கிக்கிட்டேதான் பேசினாரு."

வெர்னா துப்பாக்கியை அது இருந்த போர்வையில் கிடத்தி, மடிப்பைச் சரிசெய்தாள். பிறகு கோட்டைக்கூட எடுக்காமல் வண்டிக்கு ஓடினாள்.

மழையில் சாலை வழுக்கியது. "கள்ளப்பயலே," என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "படுத்த படுக்கையிலயும் புத்தி எப்படிப் போகுது பாரு." முன்னால் ஊர்ந்த வைக்கோல் லாரி ஒதுங்கும்வரை ஹாரனை அலறவிட்டாள். மேட்டில் ஏறியதும் கைபேசி துடித்தது. கிளே அழைத்திருந்தான். அவள் திருப்பிக் கூப்பிடவில்லை. இன்னும் வேகமாக மிதித்தாள்.

வீட்டு வாசற்படியில் கிளே தலைகுனிந்து நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"எப்ப?"

"நீ போன கொஞ்ச நேரத்துல. வண்டிச் சத்தம் அடங்குற வரைக்கும் கண்ணை முழிச்சுக்கிட்டே இருந்தாரும்மா. 'போயிட்டாளா'ன்னு கேட்டாரு. 'போயிட்டா'ன்னேன்."

"உனக்கும் தெரியுமாடா?"

"அவ இதைப் பாக்க வேணாம்னு சொன்னாரும்மா," என்று கிளே கதவைத் திறந்து வழிவிட்டான்.

உள்ளே யாரோ திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். ராய்ஸின் வாய் லேசாகத் திறந்திருந்தது. வெர்னா குனிந்து அவர் கன்னத்தைத் தொடப் போனாள். விரல்களில் பழைய கிரீஸ் கறுப்பாக அப்பியிருந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். சோப்பு போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. மறுபடி போட்டுத் தேய்த்தாள். கிளே வந்து பின்னால் நின்றான். சிங்க்கில் தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.