திட்டு வாங்காத வீடு

செங்கம்மாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. சித்திரை வெயில் பாதி, கிருஷ்ணப்பா பாதி.

போன வருஷம் அம்மை வார்த்து அவள் புருஷன் கன்னையாவின் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டபோது, அவள் அம்மை தெய்வமான திருப்பதி கங்கம்மாவிடம் அழுதாள். "கண்ணைத் தொறந்து வுடு தாயே! என் கூறைப்புடவையைக் கட்டி இவரை உன் ஜாத்திரையில ஆட வெக்கிறேன். ஒரு தெரு முழுக்க, ஒரு வூடு பாக்கியில்லாம திட்ட வெக்கிறேன்." கண் திறந்தது. வேண்டுதலைத் தீர்க்கத்தான் இருவரும் புத்தூரில் ரயிலேறித் திருப்பதிக்கு வந்திருந்தார்கள். கன்னையா அவள் கூறைப்புடவையைக் கட்டி, மஞ்சள் பூசி, வளையல் போட்டு, காலில் சலங்கை கட்டி, சவுரி வைத்து, மீசையோடு நின்றான். லட்சணமாகத்தான் இருந்தான்.

ஜாத்திரையில் பெண் வேஷம் கட்டியவன் வாயில் வருவது கங்கம்மாவின் வாக்கு. எவ்வளவு பச்சையாகத் திட்டுகிறானோ அவ்வளவு நல்லது. திட்டு வாங்கிய வீட்டை அம்மை அண்டாது. வாங்கியவர்கள் கும்பிட்டு, அவன் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். இது அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும்.

தெரிந்தும் தெருமுனையில் மறித்தான் கிருஷ்ணப்பா. மெட்ராஸை விட்டு ஆந்திர ராஜ்யம் பிரிந்ததிலிருந்து, எல்லையிலுள்ள நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று மேடையேறிக் கத்தியே தெருவுக்குப் பெரிய மனுஷன் ஆனவன்.

"அரவத்துலயா திட்டப் போறே?" என்றான். தமிழுக்கு அங்கே அரவம் என்றுதான் பேர். "என் வாசல்ல ஒரு அரவப் பேச்சு கேட்டுச்சு, சலங்கையைப் பிடுங்கிடுவேன். தெலுங்குல திட்டு. இல்லேன்னா மெட்ராஸுக்குப் போய்த் திட்டு!"

இதையும் அவன் அரவத்தில்தான் சொன்னான். வெட்கங்கெட்டவன்.

"ஏன்யா, அம்மை இன்னா பாஷை கேட்டுக்கினா வந்துச்சு?" என்று பாய்ந்தாள் செங்கம்மா.

"சும்மா இரு. வேண்டுதல் கெட்டுப்பூடும்" என்று கன்னையா அவள் கையைப் பிடித்தான்.

அவனுக்குத் தெலுங்கு தெரியாமல் இல்லை; மாட்டுச் சந்தையில் பேசுவது அதுதான். ஆனால் திட்டு அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். யோசித்து யோசித்துத் திட்டினால் அதற்குப் பேர் திட்டா?

பம்பை அதிர்ந்தது. வேப்பிலையைச் சுழற்றிக்கொண்டு கன்னையா ஆடினான். "எருமை மூஞ்சி! சோத்துப் பானை! எழவெடுத்தவனே!" என்று வீட்டுக்கு வீடு தமிழில் பொரிந்து தள்ளினான். தெலுங்குக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்து, கும்பிட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவருக்கும் காது புண்ணாகவில்லை.

கிருஷ்ணப்பா வீடு வந்தது. அவன் மனைவி சென்னம்மா செம்போடு வாசலில் நின்றாள்.

"இந்தாய்யா, வாயைத் தொறக்காதே. நட" என்றாள் செங்கம்மா.

"ஒரு வூடு பாக்கி வெச்சா வேண்டுதல் முடியாதே?"

"முடியாட்டிப் போவுது. கங்கம்மாவாண்ட நான் பேசிக்கிறேன்."

சொல்லிவிட்டுக் கன்னையாவின் கண்ணை ஒருதரம் பார்த்தாள். அந்தக் கண் மறுபடி மூடிக்கொண்டால்? ஆனாலும் மசியவில்லை. பம்பை அந்த வீட்டைத் தாண்டியது.

சென்னம்மா தண்ணீர் தளும்பத் தளும்பப் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா! பக்கத்துத் தெருவுல அம்மை போட்டிருக்கு. எம் பிள்ளைங்க உள்ளே இருக்குதுங்க. திட்டாம போவாதீங்க!"

"உங்க வூட்டுக்காரருதானே வேணான்னாரு? அவரே வந்து கேக்கட்டும்."

தெருவே கூடிவிட்டது. கிருஷ்ணப்பா வந்தான். கை தானாகக் குவிந்தது.

"திட்டச் சொல்லும்மா."

"என்னாண்ட ஏன் சொல்றே? வேஷத்தாண்ட சொல்லு. எந்த பாஷையிலன்னும் சொல்லு."

அவனோடு மேடையில் கத்துகிறவர்களெல்லாம் அங்கேதான் நின்றிருந்தார்கள். தொண்டையைக் கனைத்தான். உள்ளே குழந்தை ஒன்று அழுதது.

"அரவத்துலயே திட்டு, தாயே" என்றான் கன்னையாவைப் பார்த்து.

கன்னையா ஆரம்பித்தான். தெருமுனையில் விழுங்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. அதில் கங்கம்மா திட்டியது எவ்வளவு, கன்னையா திட்டியது எவ்வளவு என்று செங்கம்மா பிரித்துப் பார்க்கவில்லை. கிருஷ்ணப்பா குனிந்த தலை நிமிராமல் அவன் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான்.