செப்புக் குழாயில் வராத சத்தம்

பாம்புக்காது என்ற பெயர் அவருக்குச் சும்மா வந்ததில்லை. பட்டறை வாசலில் ஒரு வண்டி திரும்பும்போதே, கையிலிருக்கும் டீயைக் கீழே வைக்காமல், "மூணாவது வால்வு லூசு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது வால்வுதான் ஆடிக்கொண்டிருக்கும். இப்படிச் சொல்லிச் சொல்லியே, அவர் வாய் திறந்தால் இன்ஜினே வாய் திறந்த மாதிரி என்று ஆகிவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் டிரைவிங் லைசென்சுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட மனுஷர் இப்போது சொந்த வீட்டு வாசலில் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மேலே, அந்தக் கிழட்டுக் காரின் வயிற்றுக்குள், பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த டர்போ ஒன்று உட்கார்ந்திருந்தது. சைலன்சருக்குப் போகிற புகையை மறித்து, அதில் ஒரு சக்கரத்தைச் சுழலவைத்து, அந்தச் சுழற்சியிலேயே இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான் அது. ஒழுங்காக ட்யூன் செய்தால் சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கும். கொஞ்சம் பிசகினாலும் பிஸ்டனில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் ஓயும்.

அந்த ஓட்டையில்தான் அவருடைய பிழைப்பும் விழுந்து கிடந்தது. பட்டறையில் அவர் டர்போ மாட்டி ட்யூன் செய்து அனுப்பிய வண்டி ஒன்று, போன வேகத்தில் கயிறு கட்டி இழுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. "என் காதுல ஒரு தப்புச் சத்தமும் விழல. பிஸ்டன் மாட்டினதுலதான் கோளாறு" என்று அவர் அடித்துச் சொன்னார். பிஸ்டன் மாட்டியது கொக்கு. நீளக் கழுத்தும், வைதால் வாங்கிக்கொள்கிற சுபாவமும் உள்ள பிட்டர். "அண்ணே, அளவு பாத்துத்தாண்ணே மாட்டினேன்" என்று கெஞ்சினான். பாம்புக்காது ஒன்று சொல்ல, கொக்கு ஒன்று சொல்ல, முதலாளி யார் பேச்சைக் கேட்பார்? கொக்குவை வெளியே அனுப்பிவிட்டார். அப்புறம் இன்னொரு வண்டியும் அதே ஓட்டையோடு வந்து நின்றது. "இதுவும் அவன் போறதுக்கு முன்னாடி மாட்டினதுதான்" என்றார் பாம்புக்காது. இந்தத் தடவை முதலாளி உடனே தலையை ஆட்டவில்லை.

"ஒண்ணு பண்ணு. ஒரு வண்டிய முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நீயே கட்டு. வேற கை படக்கூடாது. உன் வீட்டுலயே வச்சுக் கட்டு, என் பட்டறையில வெடிச்சது போதும். நான் வந்து மேட்டுல ஏத்திப் பாக்கறேன். நல்லா ஏறுச்சுன்னா வேலைக்கு வா. இல்லன்னா வேற பொழப்பப் பாத்துக்க."

வேறு பிழைப்பாம்! தலை நரைத்தபிறகு, காது ஒன்றைத் தவிர கைமுதல் எதுவும் இல்லாத ஆளுக்கு எந்த ஊரில் எவன் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்? பாம்புக்காது வீட்டிலிருந்த ஒரே காரைப் பிரித்துப் போட்டார். அது மனைவி வேலைக்கு ஓட்டிப்போகிற கார். அவள் ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுப்பவள். அன்றிலிருந்து பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

வேலையில் அவர் குறை வைக்கவில்லை. பிஸ்டனைத் தானே அளந்து மாட்டினார். டர்போ உட்கார இரும்புத் தகடு வெட்டி, துளை போட்டு, வெல்டு வைத்தார். எண்ணெய் திரும்பி வர, இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்குகிற சம்பில் ஓட்டையிட்டுக் குழாய் பொருத்தினார். முதல் தடவை ஓட்டுமுன், தீப்பொறி விழவைக்கிற பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினை வெறுமனே சுழற்றி, டர்போவுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தபிறகுதான் சாவியை முழுதாகத் திருப்பினார். எல்லாம் முடிந்து கடைசியில் மிஞ்சியது டைமிங். தீப்பொறி எந்த நொடியில் விழவேண்டும் என்கிற கணக்கு.

பொறி முந்திக்கொண்டால் இழுவை கூடும். ரொம்ப முந்தினால் உள்ளே பெட்ரோல் தானாகவே வெடித்து பிஸ்டனைச் சுத்தியலால் அடிக்கும். அதற்கு நாக்கிங் என்று பெயர். புதுக் கார்களில் அதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் உண்டு. கிழட்டுக் காரில் மனுஷக் காதுதான். அதற்கு ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டி இன்ஜினில் போல்ட் போட்டு இறுக்கி, மறுமுனையில் ரப்பர் குழாய் சொருகி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, டாக்டர் மாட்டுகிற காதுக்கருவியோடு இணைத்திருந்தார். அவருடைய முறை எளிமையானது. சத்தம் கேட்கிறவரை டைமிங்கை முன்னால் தள்ள வேண்டியது, கேட்டதும் ஒரு பிசிறு பின்னால் வரவேண்டியது. காலமெல்லாம் அப்படித்தான் செய்தார்.

தெருமுனையில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மேடு இருந்தது. மதியம் முழுக்க அதில் ஏறி இறங்கினார். தள்ளினார், கேட்கவில்லை. இன்னும் தள்ளினார், கேட்கவில்லை. 'அட, இன்னும் தாங்குதே!' என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சாயங்காலம் முதலாளி வாயைப் பிளக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, ஒரு குழாய்க் கிளிப்பை இறுக்கக் காருக்கு அடியில் நுழைந்தார்.

மனைவி எப்போது வந்தாள் என்று அவருக்குத் தெரியாது. அவள் பானெட்டை ஓங்கித் தட்டியபிறகுதான் தலையை வெளியே நீட்டினார்.

"எத்தனை தடவைதான் கூப்பிடறது? சுவத்துகிட்ட பேசினாலாவது எதிரொலி வரும்!"

"வேலையா இருக்கேன்ல?"

"நீங்க மேட்டுல ஏறும்போது நான் கீழ நடந்து வந்துக்கிட்டிருந்தேன். வண்டிலேர்ந்து என்ன அப்படி ஒரு சத்தம்? தகர டப்பால கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி."

"உனக்கு என்ன தெரியும் இன்ஜினப் பத்தி? எனக்குக் கேக்காத சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. தெருவுக்கே கேட்டிருக்கும்."

அவள் மூக்கை உடைப்பதற்காகவே, இன்ஜினுக்குள் நடப்பதைக் காட்டிக்கொடுக்கிற பிளக்கைக் கழற்றினார். சூடு ஆறுவதற்குள் துணியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டப் போனவர், தானே பார்த்துவிட்டார். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத் தூளைத் தூவியது மாதிரி கரும்புள்ளிகள். அது மிளகும் இல்லை, கரியும் இல்லை. பிஸ்டன் உருகித் தெறித்த துணுக்குகள். பட்டறையில் யாராவது இப்படியொரு பிளக்கைக் கொண்டுவந்து நீட்டினால், "காது என்ன அடமானத்துல இருக்கா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருப்பார்.

"ஏறு வண்டில," என்றார்.

மேட்டில் ஏறும்போது குழாயை அவள் காதில் மாட்டினார். ஆக்சிலேட்டரை மிதித்ததும் அவள் முகத்தைச் சுளித்துப் பிடுங்கி எறிந்தாள். அவர் எடுத்து மாட்டிக்கொண்டு அதே மாதிரி மிதித்தார். 'ஊம்' என்று இன்ஜினின் அடித்தொண்டை மட்டும் கேட்டது. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. வண்டியை ஓரம் கட்டினார்.

"போன மழைக்கு," என்றாள் அவள் மெதுவாக, "இந்தப் பக்கம் சில்வண்டே இல்லாமப் போச்சுன்னு சொன்னீங்க. அன்னைக்கு அது காது கிழியக் கத்திக்கிட்டிருந்துச்சு. என்னைக் கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேன். நான் கூப்பிட்டும் நீங்க திரும்பாதது... இத்தனை நாளா அத நீங்க வேணும்னே பண்ணலையா?"

பயம் என்றால் அப்படியொரு பயம், நடுரோட்டில் நிற்கும்போது கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. அந்தப் பயத்துக்குப் பின்னாலேயே கொக்குவின் நீளக் கழுத்து வந்து நின்றது. அவன் சரியாகத்தான் மாட்டியிருக்கிறான். சத்தம் வந்திருக்கிறது. கேட்காத காதை வைத்துக்கொண்டு, கேட்கவில்லை, கேட்கவில்லை என்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்.

"முதலாளி வந்துருவாரு," என்றார். "முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது."

"முடியல. எனக்குக் கேக்குதுல்ல? நீங்க திருப்புங்க, நான் சொல்றேன்."

டைமிங்கைப் பின்னால் இழுத்து, மறுபடி ஏறினார்கள். அவள் "இப்ப" என்றதும் காலை எடுத்தார். இறங்கி இன்னொரு பிசிறு இழுத்தார். ஏறினார்கள். "கொஞ்சமா வருது... இப்ப இல்ல. சுத்தமா இல்ல." கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கேட்கிற அழகைப் பார்த்தால், பிறந்ததிலிருந்து பட்டறையில் வளர்ந்தவள் என்று தோன்றும். வேறொரு நாளாக இருந்தால் அவர் கேலி செய்திருப்பார்.

"நான் பின் சீட்டுல உக்காந்துக்கறேன்," என்றாள். "ஏதாவது கேட்டா உங்க தோளைத் தொடறேன். அவருக்குத் தெரியவேணாம்."

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முழுகுகிறவனுக்கு எது கையில் பட்டாலும் சரிதான்.

வெயில் தாழ்ந்ததும் முதலாளி வந்தார். தொப்பையைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டில் அமர்ந்து, "ஆஸ்பத்திரில இறக்கி விடணுமா தங்கச்சியை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், "ஏத்துய்யா" என்றார்.

கிழட்டுக் கார் மேட்டை நாலு கால் பாய்ச்சலில் ஏறியது. முதலாளியின் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. உச்சியில் நிறுத்தியதும் அவர் குழந்தை மாதிரி சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் டைமிங்கத் தள்ளு. எவ்வளவு தாங்குதுன்னு பாப்போம்."

பாம்புக்காது இறங்கித் தள்ளிவிட்டு வந்து, குழாயைக் காதில் மாட்டிக்கொண்டார். வெறும் வேஷம். கீழே போய்த் திரும்பி, பாதி மேடு ஏறும்போது தோளில் ஒரு விரல் பட்டது. சட்டென்று காலை எடுத்தார்.

"அடேயப்பா!" முதலாளி தொடையைத் தட்டினார். "எனக்கு இப்பதான்யா லேசாக் கேட்டுச்சு, நீ அதுக்கு முன்னாடியே கால எடுத்துட்ட! பாம்புக்காதுன்னா பாம்புக்காதுதான். நாளைக்கே வா. ஒரு பெரிய வண்டி உனக்காக நிக்குது."

வீட்டு வாசலில் இறங்கி, அவர் பாம்புக்காதின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்காத. எல்லாம் அந்தக் கொக்குப் பய பண்ண வேலை. இப்ப நல்லாத் தெரிஞ்சு போச்சு. இனிமே எந்தப் பட்டறையிலயும் அவனைச் சேக்காதபடி நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

மனைவி கதவோரம் நின்று கணவனையே பார்த்தாள். சரி என்று ஒரு தலையாட்டல் போதும், வேலை கையில் இருந்தது. பாம்புக்காது கையை உருவிக்கொண்டார்.

"முதலாளி, சத்தம் எனக்குக் கேக்கல. இவ தோளைத் தொட்டா. அதான் கால எடுத்தேன்."

"என்னய்யா உளர்ற?"

"என் காது போயிடுச்சு. எப்பலேர்ந்துன்னு எனக்கே தெரியல. அந்த ரெண்டு இன்ஜினும் என்னாலதான் போச்சு. கொக்கு மேல ஒரு தப்பும் இல்ல."

முதலாளி கதவோரம் நின்றவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கடைசியில் அவரைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அவன் என் கால்ல விழுந்தான்யா," என்றார். கனத்த அடிக்குரல், சில்வண்டு மாதிரி கீச்சுச் சத்தம் இல்லை, அதனால் ஒவ்வொரு சொல்லும் பாம்புக்காதுக்குத் தெளிவாகக் கேட்டது. "அவன் பொண்டாட்டி வந்து அழுதா. நீ சொன்னேங்கற ஒரே காரணத்துக்காக வெளிய தள்ளுனேன்."



"நாளைக்கு வராத," என்றார் முதலாளி. வண்டிக் கதவைத் திறந்தவர் ஒருகணம் நின்றார். "என் போனை அவன் எடுக்கமாட்டான். நீயே சொல்லிடு, என்னை வந்து பாக்கச் சொல்லு." அவருடைய கார் தெருமுனை திரும்பிப் போனது.

பாம்புக்காது வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். ஆண்பிள்ளை, தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்றெல்லாம் பார்க்கவில்லை. இருந்த ஒரே சொத்தான காதும் போய்விட்டது. அதை வைத்துச் சம்பாதித்த பெயரும் போய்விட்டது. மனைவி தன் போனில் கொக்குவின் எண்ணைப் போட்டு, அவருக்கு எதிரே வந்து குனிந்து, "எடுத்துட்டான், பேசுங்க" என்றாள்.

"கொக்கு, நான்தாண்டா. வச்சுடாத. நீ சரியாத்தாண்டா மாட்டின. சத்தம் வந்திருக்கு, எனக்குத்தான் கேக்கல. என் காது செத்துப் போச்சுடா. தெரியாமலே உன் தலையில தூக்கிப் போட்டுட்டேன். முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ போய் அவரைப் பாரு. என்னை என்ன வேணா திட்டு."

போனைக் காதோடு அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். அவன் திட்டுகிறானா, அழுகிறானா, போய்த் தொலை என்கிறானா? அங்கே எதுவும் நடந்துகொண்டிருக்கலாம். தாங்கமாட்டாமல் போனை மனைவியிடம் நீட்டினார்.

"என்ன சொல்றான்னு கேளேன்."

ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரின் நல்லதையும் கெட்டதையும் கேட்டுப் பழகியவள், வெகுநேரம் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

"வச்சுட்டானா?"

"இல்ல. லைன்லதான் இருக்கான்."

அவர் போனைத் திரும்ப வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போனின் மறுபக்கத்தில் தன் காதை ஒட்டிவைத்தாள்.

"பேச ஆரம்பிச்சான்னா," என்றார், "தோளைத் தொடு."