தவக்காலத்தில் தோமஸ் விட்டது

மாசாயில் அந்தத் தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகளுக்கு இடையே உள்ள சுவர், பெயருக்குத்தான் சுவர். தோமஸ் வீட்டில் மிளகாய் வறுத்தால் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி தும்முவாள். அப்படிப்பட்ட இடத்தில் தோமஸும் அவர் மனைவி பேட்ரிசியாவும் இரண்டு வருடமாக ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள் என்றால், அந்த நம்பிக்கையைப் பாராட்டத்தான் வேண்டும்.

குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விடுவது, அதுதான் ரகசியம். பெயரைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று வீட்டுக்குள் 'அந்த இடம்' என்றுதான் பேச்சு. தெருவிலும் எல்லாரும் 'அந்த இடம்' என்றே பேசிக்கொண்டார்கள் என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது.

விஷயம் வெளியே போனது ஆங்கிலப் பரீட்சையால். மறக்க முடியாத பயணம் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று ஒரு கேள்வி. தோமஸ் வாழ்நாளில் போன பயணம் பக்கத்துக் கடலோர ஊரான பொந்தியானுக்கு மீன் சாப்பிடப் போனது ஒன்றுதான். அதைத் தினமும் சாயங்காலம் சமையலறையில் நின்று உரக்கச் சொல்லிப் பழகினார். முதல் தடவை பரீட்சைக்குப் போனபோது கதையில் மோட்டார் சைக்கிள் டயர் பஞ்சர். மார்க் போதவில்லை. இரண்டாம் தடவை பஞ்சரோடு மழையும் பெய்தது. மூன்றாம் தடவை ஒரு முதலை வந்தது. மார்க்கும் வந்தது. யோகேஸ்வரியின் மகள் ரூபினிக்கு அந்த மூன்று பயணமும் இன்றைக்கும் மனப்பாடம்.

தோமஸுக்கு வயது நாற்பத்து நாலு. பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில், சில்லர் என்னும் ராட்சதக் குளிரூட்டி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். இருபத்திரண்டு வருடம். அவரிடம் வேலை பழகியவர்களில் இரண்டு பேர் இப்போது அவருக்கு மேலே உட்கார்ந்து, அவர் லீவு பாரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்காக நிற்கும் ஒவ்வொரு முறையும், மகள் ஷர்மைனாவது இப்படி நிற்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றும். பதினேழு வயது, நர்ஸ் வேலைக்குப் படிக்க ஆசைப்படுகிறாள்.

ஆஸ்திரேலிய விசாவில் ஒரு வழி உண்டு. நாட்டைக் கேட்பதற்குப் பதிலாக அதன் மாநிலம் ஒன்றைக் கேட்பது. சான்றிதழ், அனுபவக் கடிதம், ஆங்கில மார்க் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். தன் ஊருக்கு இப்படி ஒரு ஆள் தேவை என்று அந்த மாநிலம் நினைத்தால், மெயிலில் ஓர் அழைப்பு அனுப்பும். பதினான்கு நாளுக்குள் பதில் விண்ணப்பம் போட வேண்டும். போட்டால் மாநிலம் பரிந்துரைக்கும், விசா ஏறக்குறையக் கைக்கு வந்த மாதிரி. போடாவிட்டால் போச்சு. இன்னொன்று, அழைப்பு வரும்போது நாற்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது. தோமஸுக்கு நாற்பத்தைந்து முடிவது மே இருபத்தேழு.

ஏஜெண்டை வைத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு ஜீவன் நியூசிலாந்து போகிறேன் என்று ஒரு ஏஜெண்டை நம்பி, கடைசியில் குளிர்கோட்டு மட்டும் மிஞ்சிய கதையைத் தெருவே பார்த்திருந்தது. எல்லாம் தானே செய்தார். இதற்கென்றே தனியாக ஒரு மெயில் திறந்தார். அன்றிலிருந்து அந்த மெயிலைத் திறந்து திறந்து பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. காலையில் ஒரு கண் திறந்ததும் கை போனைத் தேடும். பசியாற உட்கார்ந்தால் பார்ப்பார், மோட்டாரை நிறுத்தினால் பார்ப்பார், பூசையில் முழங்கால் போட்டிருக்கும்போதும் பார்ப்பார்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று கோயிலில் ஃபாதர் ஒன்று சொன்னார். தவக்காலத்துக்கு இறைச்சியை விடுகிறேன், இனிப்பை விடுகிறேன் என்று சுலபமானதையே விடாதீர்கள். காலையில் எழுந்ததும் உங்கள் கை எதைத் தேடுகிறதோ அதை விடுங்கள் என்றார். பேட்ரிசியா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் சாம்பலோடு தோமஸ் அந்த நேரம் பார்த்துத்தானா போனை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்!

"இந்த வருசம் நான் பீர விட்டுர்றேன்," என்றார் தோமஸ், கார் நிறுத்துமிடத்தில்.

"நீங்க குடிக்கிறதே கிறிஸ்மஸ்ஸுக்கு ஒரு டின்னு. அத விட்டா ஆண்டவருக்கு என்ன லாபம்?"

"அப்ப கோப்பி?"

"ஃபாதர் என்ன சொன்னாரு? கண்ணு முழிச்சதும் கை எதத் தேடுதோ அத விடுன்னாரு. உங்க கை எதத் தேடுது? என்னையா தேடுது?"

பின்னால் வந்த ஏஞ்சலா, பேட்ரிசியாவின் தங்கை, சிரித்தே விட்டாள். "அத்தான், நல்லா மாட்டுனீங்க லா!"

"அலமாக், அது எப்படி விடறது? விட்ட நேரத்துல வந்துட்டா?"

"பதினாலு மாசமா வராதது இப்பவா வரப்போவுது?" பேட்ரிசியாவின் குரல் தாழ்ந்தது. "உங்க வாட்ஸ்ஆப் குரூப்லயே சொல்லிட்டாங்க, ஜூலை வரைக்கும் யாரையும் கூப்பிட மாட்டாங்கன்னு. ஜூலையில உங்களுக்கு நாப்பத்தஞ்சு முடிஞ்சிரும். இனி மனுசங்க கையில ஒன்னும் இல்லீங்க. கேக்க வேண்டிய எடத்துல கேப்போம். சும்மா கேக்கக் கூடாது, எதையாவது குடுத்துட்டுக் கேக்கணும்."

வேறு வழி இல்லை. ஆண்டவரோடு ஒப்பந்தம் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேட்ரிசியா அந்த மெயிலின் பாஸ்வேர்டை மாற்றினாள். புதியதை ஒரு திருப்படத்தின் பின்புறம் எழுதி, வீட்டுப் பீடத்தில் வேளாங்கண்ணி மாதா சொரூபத்தின் அடியில் வைத்தாள். தோமஸ் போனிலிருந்து மெயிலைக் கழற்றினார். ஆஸ்திரேலியா போகிறவர்களின் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்தும் விலகினார். ஈஸ்டர் வரைக்கும், நாற்பது நாள், தொடுவதில்லை.

முதல் வாரம் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தது. இரண்டாம் வாரம் பாதிதான் போனது. மூன்றாம் வாரம் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். யோகேஸ்வரியின் ஐஸ்பெட்டியை அவராகவே வந்து பழுது பார்த்துக் கொடுத்தார். ஷர்மைனோடு பூப்பந்து ஆடினார். பல வருடம் கழித்து அந்த வீட்டில் மூன்று பேரும் சிரிக்கிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாளும் கேட்குமா என்று யோகேஸ்வரி காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

நான்காவது வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு தடுமாற்றம். கோயிலில் சிலுவைப் பாதை செபத்துக்குப் போக பேட்ரிசியா சேலை மாற்றிக்கொண்டிருந்த நேரம், தோமஸ் பீடத்தின் முன் தனியாக நின்றார். மாதாவை ஒரு கையால் தூக்கி, மறு கையால் திருப்படத்தை எடுத்தார். புரட்டவில்லை. புரட்டலாமா என்று நின்றார்.

"என்னங்க பண்றீங்க?" பேட்ரிசியா வாசலில் நின்றாள்.

"தூசி."

அவள் வந்து படத்தை வாங்கித் திரும்ப அடியில் வைத்தாள். கோபப்படவில்லை. "இன்னும் மூனு வாரம்தான். இவ்ளோ தூரம் வந்துட்டு விட்டுராதீங்க," என்று அவர் கன்னத்தைத் தொட்டாள். தோமஸுக்கு வெட்கமாகிவிட்டது. அன்று சிலுவைப் பாதையில் பதினான்கு நிலையிலும் முழங்காலை நிமிர்த்தவே இல்லை.

ஈஸ்டர் அன்று வீடு நிறைந்திருந்தது. ஆட்டுக்கறி, பிரியாணி. ஏஞ்சலா குடும்பம் வந்திருந்தது. வடைத் தட்டோடு யோகேஸ்வரி, அழைக்காமலே வரும் உரிமையில் ஜீவன். சாப்பாடு முடிந்ததும் பேட்ரிசியா பீடத்திலிருந்து அந்தத் திருப்படத்தை, நற்கருணை எடுப்பதுபோல் இரண்டு கையாலும் எடுத்து வந்தாள். ரகசியம் அது இது என்பதெல்லாம் அன்று அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"இத்தன நாளு, ஒரு தடவகூடத் தொடல. நான் சாட்சி. தொறந்து பாருங்க."

"தொறங்க அத்தான். மாதா கைவிட மாட்டாங்க," என்றாள் ஏஞ்சலா, வாயில் வடையோடு.

தோமஸ் திறந்தார். விளம்பரங்களுக்கு நடுவே மூன்று கடிதம். மார்ச் இருபதாம் தேதி முதலாவது: உங்கள் தொழிலுக்கு எங்கள் மாநிலத்தில் தேவை உள்ளது, பரிந்துரைக்கு விண்ணப்பிக்க உங்களை அழைக்கிறோம். மார்ச் முப்பதாம் தேதி இரண்டாவது: நினைவூட்டல். ஏப்ரல் நாலாம் தேதி மூன்றாவது, இரண்டே வரி: குறித்த நாளுக்குள் நீங்கள் விண்ணப்பிக்காததால் அழைப்பு காலாவதியாகிவிட்டது.

அவர் மூன்றையும் இரண்டு முறை படித்தார்.

"என்னங்க?"

எல்லார் கண்ணும் அவர் முகத்தில். ஷர்மைன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். பேட்ரிசியா கையைக் கூப்பிக்கொண்டே நின்றாள்.

பேட்ரிசியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் திருவிழாவுக்குப் போயிருந்த நாளில்தான் செடெனாக் ஊரில் அவள் அப்பா தவறிப்போனார். பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று அன்றிலிருந்து அவள் எந்தத் திருவிழாவுக்கும் போவதில்லை. திருவிழா என்ற பேச்சு வந்தால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அந்த ஒன்பது வருடமும் அந்த நிமிடத்தில் தோமஸின் கண் முன்னால் வந்து நின்றது.

"ஒன்னும் வரல," என்றார்.

"நல்லாப் பாருங்கண்ணே, குப்பையில போய் விழுந்திருக்கும். குடுங்க, நான் பாக்குறேன்." ஜீவன் கையை நீட்டிவிட்டான்.

தோமஸ் போனைப் பைக்குள் போட்டார். "பாத்தாச்சு லா. எல்லாம் விளம்பரம். ஐஸ் தீந்துபோச்சு, வாங்கிட்டு வந்துர்றேன்."

ஐஸ் போட்டு வைத்திருந்த வாளி முக்கால்வாசி நிரம்பியே இருந்தது. யோகேஸ்வரி அதைப் பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்நாளில் சொல்லாமல் விட்ட விஷயங்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். அதில் இது ஒன்று.

பெட்ரோல் நிலையத்தின் ஓரம் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தோமஸ் விரல் விட்டு எண்ணினார். மார்ச் இருபதிலிருந்து பதினான்கு நாள். திருப்படத்தைக் கையில் எடுத்து நின்ற அந்த வெள்ளிக்கிழமை மார்ச் இருபத்தெட்டு. அன்றைக்கு இன்னும் ஆறு நாள் மிச்சம் இருந்தது. புரட்டியிருந்தால் போதும். கேட்டதை ஆண்டவர் கொடுத்துத்தான் இருக்கிறார். கொடுத்த நேரத்தில் வாங்க ஆள் இல்லை. எல்லாரும் கோயிலில் இருந்தார்கள்.

ஐஸ் வாங்கினார். ஒன்றல்ல, மூன்று பை.

மறுநாள் தொழிற்சாலையில், இயந்திர அறையின் இரைச்சலில் உட்கார்ந்து அந்த மாநிலத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். காரணத்தை எப்படி எழுதுவது என்று ஒரு மணி நேரம் யோசித்தார். 'சமயக் கடமை காரணமாக' என்று போட்டார். 'தவக்காலம்' என்பதை விளக்கி நாலு வரி எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். மூன்று நாளில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். காலாவதியான அழைப்பை மீண்டும் வழங்க விதி இல்லை. இந்த ஆண்டுக்கான அழைப்புகள் முடிந்தன. அடுத்த சுற்று ஜூலைக்குப் பிறகு. உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

நாலு கடிதத்தையும் அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. 'சில்லர் மேனுவல்' என்று பெயர் வைத்து மெயிலிலேயே ஒரு தனிப் பெட்டிக்குள் தள்ளினார். அதை யாரும் திறக்க மாட்டார்கள்.

தெரு தன் கடமையைச் செய்தது. ஆங்கிலம் போதவில்லை என்றான் ஜீவன். முதலைக் கதையை வெள்ளைக்காரன் நம்பவில்லை என்றாள் ரூபினி. அனுபவக் கடிதத்தில் ஏதோ கோளாறு என்று கடைக்கார மணியம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யோகேஸ்வரி மட்டும் எதுவும் சொல்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. பூப்பந்து இல்லை, சிரிப்பு இல்லை. தினமும் காலையில் ஒரே ஒரு பேச்சுத்தான்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஒன்னும் இல்லையா?"

"இல்ல."

இனிமேல் தடுக்கமாட்டேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் பாருங்கள் என்று பேட்ரிசியா சொல்லியிருந்தாள். அதனால் தோமஸ் பார்க்க வேண்டியிருந்தது. காலையில் ஒரு கண் திறந்ததும் போனை எடுத்தார். பசியாறும்போது எடுத்தார். வராது என்று தெரிந்த ஒன்றை, அவள் பார்க்கும்படி, முன்பு பார்த்த அதே ஆவலோடு பார்க்க வேண்டும். அந்த முகத்தை வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். இயந்திர அறையில் அப்படி யாரும் பார்ப்பதில்லை, அங்கே அவர் முகம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மே இருபத்தேழும் வந்தது. பேட்ரிசியா சின்னதாக ஒரு கேக் வாங்கி வந்தாள். வயதைக் காட்டும் மெழுகுவர்த்தி வைக்கவில்லை. ஷர்மைன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கிளினிக்கில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், கேட்டுப் பார்க்கவா டேடி என்றாள். பதிலுக்கு நிற்காமல் அறைக்குப் போய்விட்டாள்.

இருவரும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேட்ரிசியா கத்தியில் ஒட்டியிருந்த கிரீமைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"முடிஞ்சிருச்சில்ல?"

"ம்."

"ஒன்னே ஒன்னுதான் எனக்கு ஆறுதல்ங்க." அவள் நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தாலும் முகத்தில் ஒரு தெளிவு. "ஒருவேள அந்த நாப்பது நாள்ல வந்திருந்து, நான் உங்களத் தொறக்க விடாம வெச்சிருந்தேன்னு வைங்க. என்னால உசுரோட இருக்க முடியுமா? வரவே இல்ல. அவங்க நம்மளக் கூப்பிடவே இல்ல. ஆண்டவரு அந்த மட்டும் என்னக் காப்பாத்திட்டாரு."

"ஆமா," என்றார் தோமஸ்.

"இன்னிக்கு சாயங்காலம் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"கடைசியா ஒரு தடவ பாத்துருங்க."

தோமஸ் போனை எடுத்தார். திறந்தார். புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தி, மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார். பிறகு வெறும் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.