நீதிபதி ட்ராஸ்க்கின் தீர்ப்பு

வெர்மான்ட்டின் எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் நான் குமாஸ்தா. அதில் பத்தொன்பது வருடம் ஒபதையா ட்ராஸ்க்கின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். தோல் பதனிடுபவரின் மகன் அவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாமல், தானே சட்டம் படித்து, முப்பத்தாறு வயதில் நீதிபதியானவர். லஞ்சம், சிபாரிசு எதுவும் அவரிடம் செல்லாது.

1841இல் அபிகெயில் கிரேன் என்ற பெண் தன் இரண்டு மகன்களைக் கேட்டு வழக்குப் போட்டாள். புருஷன் அடிப்பதற்கு ஊரே சாட்சி. ட்ராஸ்க் இரண்டு நாள் யோசித்தார்.

"பாவமாத்தான் இருக்கும்மா. ஆனா சட்டப்படி பிள்ளைங்க அப்பனோடவங்க. நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

அந்தத் தீர்ப்பு மற்ற நீதிபதிகளும் பின்பற்றும் தொகுப்பில் அச்சானது. அவருக்கு அதில் பெருமைதான்.

பதினான்கு வருடம் கழித்து, ஒரு ஜனவரிக் காலையில், அவருடைய ஒரே மகள் லவீனியா தன் மூன்று வயது மகள் ஃபீபியைத் தூக்கிக்கொண்டு பனியில் ஏழு மைல் நடந்து அப்பா வீட்டுக்கு வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அடுத்த வாரமே அவள் புருஷன் ஹோரஸ் கிம்பல் பிள்ளையைக் கேட்டு மனுப் போட்டான்.

சொந்த மகள் வழக்கு என்பதால் பக்கத்து மாவட்ட நீதிபதி வந்தார். ட்ராஸ்க் ஜனங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிம்பலின் வக்கீல் தொகுப்பைத் திறந்து, அவருடைய தீர்ப்பையே வரிவரியாகப் படித்தார்.

ட்ராஸ்க் எழுந்துவிட்டார். "அந்தத் தீர்ப்பு தப்பு. எழுதினவன் நான் சொல்றேன், தப்பு!"

"உக்காருங்கய்யா," என்றார் மேடையிலிருந்தவர், மெதுவாக. "பெஞ்சில இருந்துக்கிட்டு யாரும் தீர்ப்பை மாத்த முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

ஃபீபியை அம்மாவின் கழுத்திலிருந்து பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உத்தரவை எழுதியது என் கை.

அன்றிரவு லவீனியா அப்பாவிடம் கத்தவில்லை. "நீங்க கெட்டவரா இருந்திருந்தா வெறுத்துட்டாவது போயிருப்பேன்ப்பா," என்று மட்டும் சொன்னாள்.

அவர் பதவியை விட்டார். சட்டத்தை மாற்றச் சொல்லி சட்டமன்றப் படிகளில் ஆறு வருடம் ஏறினார். "கிழவருக்கு இப்பத்தான் கண்ணு தெரியுது" என்று அங்கே சிரித்தார்கள். அதற்குள் கிம்பல் பிள்ளையோடு மேற்கே போய்விட்டான். எங்கெங்கோ கடிதம் எழுதி விசாரித்து, கடைசியில் விஸ்கான்சினில் ஒரு பண்ணையில் இருப்பது தெரிந்தது. நானும் அவரோடு ரயிலேறினேன்.

கிணற்றடியில் பால்பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஃபீபி. ஒன்பது வயது.

"நான் உங்கம்மாவோட அப்பா."

"எங்கம்மா செத்துட்டாங்க."

"இல்லடா கண்ணு, உசுரோட இருக்கா. உன்னையே நினைச்சுக்கிட்டு..."

"பொய் சொல்றீங்க. இருந்தா வந்திருப்பாங்கல்ல?"

கிம்பல் துப்பாக்கியோடு வாசலுக்கு வந்தான். அவனை மீறி அந்தப் பிள்ளையைத் தொட எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. வெறுங்கையோடு ரயிலேறித் திரும்பினோம்.

வீட்டில் லவீனியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், ஃபீபி 'பொய்' என்றது உட்பட. அவர் எதையும் மறைக்கவில்லை. பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எவ்வளவு உயரம்ப்பா இருக்கா?"

அவர் எழுந்து நின்று, தன் மார்புக்குக் கீழே கையை நீட்டிக் காட்டினார். அவள் பக்கத்தில் வந்து, அந்தக் கைக்குக் கீழிருந்த வெற்றிடத்தை இரண்டு கையாலும் தடவினாள்.

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.