பதினொன்றில் நாலு

ப்ரெக்கன் கல்லூரி தோற்று ஒன்றரை நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை காலை ஜோலீனின் உணவகத்தில் அதே ஆட்டத்தை இன்னொரு தடவை தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

தெற்கு இண்டியானாவின் அந்தச் சிற்றூருக்கு இருப்பது ஒரே கல்லூரி, அதற்கு ஒரு கூடைப்பந்து அணி. பத்தொன்பது வருடம் கழித்து இந்த மார்ச்சில்தான் தேசியப் போட்டிக்குள் நுழைந்திருந்தது. பாதி ஊர் லூயிவில் அரங்கத்துக்குக் காரெடுத்துப் போயிருந்தது. கடைசி அரை நிமிடத்தில் இரண்டு பக்கமும் அறுபத்தொரு புள்ளி. பந்து ப்ரெக்கன் கையில். கடைசி நொடி வரை வைத்திருந்து எறிந்தால் போதும். விழுந்தால் வெற்றி, விழாவிட்டால் கூடுதல் நேரம். ஆனால் கேலன் மெர்ரிட் எட்டு விநாடி மிச்சமிருக்கும்போதே தூரத்தில் நின்று எறிந்துவிட்டான். வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தை எதிரணி பிடித்து, ஓடிப் போய், மணியடிக்கிற நேரத்துக்குப் போட்டுவிட்டது.

"அந்தப் பையனுக்கு எண்ணத் தெரியல. அவ்வளவுதான் விஷயம்," என்றார் ராய்ஸ் டாக்கெட். விதையும் தீவனமும் விற்கிறவர். எதையும் மூட்டை இறக்குவதுபோல் தொப்பென்று போட்டுவிடுவார்.

"எண்ணுறதை விடுய்யா," என்றார் டெல்பர்ட். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். புள்ளிக் குறிப்பேடு எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். "இருபது ஃப்ரீ த்ரோவுல ஒன்பதை விட்டிருக்கானுங்க, யாரும் மறிக்காம நின்னு எறியுறதை! அதுல ரெண்டு விழுந்திருந்தா இந்தப் பேச்சே கிடையாது."

"கோச் டைம் அவுட் கேட்டிருக்கணும். கையில ஒண்ணு மிச்சம் வச்சிருந்தாரே! வீட்டுக்குக் கொண்டுபோய் ஊறுகாய் போடப் போறாரா?" என்றார் ராய்ஸ்.

ஜோலீன் காப்பியை ஊற்றிக்கொண்டே தன் பங்கைச் சொன்னாள்: "எதிரணி நெட்டையன் நம்ம மெர்ரிட்டைக் கையில அடிச்சான். ரெஃப்ரி மோட்டுவளையைப் பாத்துட்டு நின்னான். நான் டிவியில பார்த்தேன்."

"உன் டிவியில எப்பவுமே ரெஃப்ரி குருடன்தான்," என்றார் ராய்ஸ்.

வெர்னா ஸ்டிட்ஹம் மட்டும் வாய் திறக்கவில்லை. வழக்கமாக அந்த மேசையில் அவளுடைய குரல்தான் முதலில் கேட்கும். இருபத்தேழு வருடம் அந்த ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். உள்ளூர் ஆட்டங்களில் வீரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் போடும் சத்தத்துக்கு எதிரணிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இன்று அவள் தட்டில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

"இருங்க, பாத்துருவோம்," என்று டெல்பர்ட் கைபேசியை ஊறுகாய்ப் புட்டிமேல் சாய்த்து வைத்தார். அவருடைய மருமகன் அரங்கத்தில் தன் இருக்கையிலிருந்து எடுத்த வீடியோ. கேலன் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். கூட்டத்தின் இரைச்சல். அதற்கு மேலே ஒரு பெண் குரல்: "நாலு! மூணு! ரெண்டு!" கேலன் எறிகிறான்.

"பாத்தியா, எவ்வளவு தூரத்துல நிக்கிறான்!" என்றார் ராய்ஸ்.

"அது என் குரல்," என்றாள் வெர்னா.

"எது?"

"எண்ணுறது. இன்னொரு தடவை போடு, டெல்பர்ட்."

டெல்பர்ட் போட்டார். இந்தத் தடவை யாரும் கேலனைப் பார்க்கவில்லை.

"நம்ம அரங்கத்துல கடிகாரம் ஸ்கோர் பலகையோட இடது மூலையில இருக்கும்," என்றாள் வெர்னா. "லூயிவில்லயும் பெஞ்சுக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தேன். ஆனா அங்க இடது மூலையில இருந்தது ஃபவுல் எண்ணிக்கை. அண்ணாந்து பாத்தேன், நாலுன்னு இருந்துது. அப்படியே கத்த ஆரம்பிச்சுட்டேன். அவன் எறிஞ்சப்புறம்தான் நிஜக் கடிகாரம் கண்ணுல பட்டுது."

"பதினொண்ணு இருக்கும்போது நாலுன்னு கத்தியிருக்க," என்றார் டெல்பர்ட் மெதுவாக.

"அடிப்பாவி!" என்ற ராய்ஸ் உடனே குரலை இறக்கினார். "பதினைஞ்சாயிரம் பேர் கத்துன இடத்துல உன் சத்தம் மட்டும் அவன் காதுல போய் விழுந்துதா? விடு. யாருக்கும் சொல்லாத. ஊர் ரெண்டு மாசம் அவனைத் திட்டும், அப்புறம் மறந்துடும்."

"அந்த ரெண்டு மாசமும் திட்டு வாங்கப்போறது நீயா?" என்றாள் வெர்னா.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மெர்ரிட் வீடு அவள் பழைய தபால் வழியில்தான் இருந்தது. கேலன் கல்லூரி விடுதியிலிருந்து வார இறுதிக்கு வந்திருந்தான். வாசலில் அம்மாவின் காருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான்.

"மிஸஸ் ஸ்டிட்ஹம்? லெட்டரா?"

"நான் ரிடையராகி ரெண்டு வருஷம் ஆச்சுப்பா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். வியாழக்கிழமை உன் பின்னால நாலு, மூணுன்னு எண்ணுனது நான்தான். தப்பா எண்ணிட்டேன்."

அவன் நிமிரவில்லை. நட்டை ஒரு சுற்று முறுக்கினான்.

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்க குரலை எட்டாங்கிளாஸ்ல இருந்து கேக்குறேன். தெரியாம இருக்குமா?"

"அப்புறம் ஏண்டா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? தபால்காரம்மா சொன்னாங்க, எறிஞ்சுட்டேன்னா? கோச் கேட்டாரு. கடிகாரத்தைப் பாக்கலன்னு சொன்னேன். அதுவும் நிஜம்தானே."

"என்னை மன்னிச்சுருப்பா."

கேலன் கையைத் துணியில் துடைத்தான். முகம் இறுகித்தான் இருந்தது. "பஸ்ல திரும்பி வரும்போது உங்களைத் திட்டிக்கிட்டேதான் வந்தேன். மனசுக்குள்ள."

"இப்ப வாய்விட்டே திட்டு. கேக்கத்தான் வந்திருக்கேன்."

"வேணாம், அம்மா உள்ள இருக்காங்க," என்றவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை அடக்கிக்கொண்டான். "நான் ஊர்ல சொல்லப் போறேன்," என்று அவள் சொன்னதும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். "சொல்லுங்க. ஆனா எம்மேல தப்பே இல்லன்னு சொல்லாதீங்க. ரெண்டு வருஷமா ஆடுறேன், நானே பாத்திருக்கணும். பாதின்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை உணவகம் நிறைந்திருந்தபோது வெர்னா எழுந்து நின்று, நடந்ததை எல்லா மேசைக்கும் கேட்கச் சொன்னாள். "பாதி அவனுது, பாதி என்னுது. அவனே அப்படித்தான் சொல்லச் சொன்னான்."

"அப்ப கோச்சுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று ராய்ஸ்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஒன்பது ஃப்ரீ த்ரோவை எங்க சேக்குறது?" என்றார் டெல்பர்ட்.

உணவகத்தில் பழையபடி சத்தம் கிளம்பியது. அன்று வெர்னா தட்டைக் காலி செய்தாள்.

அதற்குப் பிறகு பெட்ரோல் போடும் இடத்தில் ஒருவன் அவளைப் பார்த்ததும் உரக்க எண்ணினான். தேவாலயத்தில் இரண்டு பேர் அவளிடம் பேசவில்லை. கேலனைப் பற்றிய பேச்சு குறைந்ததே தவிர, நிற்கவில்லை. அவன் அம்மா மளிகைக்கடை வரிசையில் வெர்னாவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏப்ரலில் மறுபடி அதே கடையில் பார்த்தபோது தன் தள்ளுவண்டியை ஒதுக்கி, வழிவிட்டாள்.

"டயர் நல்லா ஓடுதா?" என்று கேட்டாள் வெர்னா.

"ஓடுது," என்றாள் அவள்.